ஆட்சேபனை இருக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம்

அந்த நாயைக் கொஞ்சம் கட்டிப் போடு கண்ணு. கடிக்காது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கடித்த பிறகும் அதையேதான் சொல்வார்கள். நாய் குரைத்தாலே எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே நினைவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொடு. காபி எல்லாம் வேண்டாம். அடுப்பில் வைத்துவிட்டாயா? சரி, அரை டம்ளர் கொடு. சர்க்கரை போடாதே.

என்னை உனக்குத் தெரியும். மேற்கு வீதி துளசிமணி. பால் சொசைட்டியில் மெஷினில் பால் பார்க்கிற மோகனப்பிரியாவின் அம்மா. காலையும் சாயங்காலமும் வரிசையில் பார்த்துக்கொள்வோம், "என்ன குழம்பு" என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். நீ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்குமா? இத்தனை நாளில் உன் வீட்டுப் படி ஏறினதில்லை. தப்புத்தான்.

வேப்பமரத்தடியில் வண்டியோடு நிற்கிற பையன்களைப் பார்க்காதே. என்னைக் கொண்டுவந்து விட்டவர்கள். அக்கா வெயிலில் நடக்க வேண்டாம் என்று சொசைட்டித் தலைவர் அனுப்பி வைத்தார். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நிற்பார்கள். இல்லை இல்லை, உள்ளே வர மாட்டார்கள். சொன்னால்தான் வருவார்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சொசைட்டித் தேர்தலுக்கு நீ மனு கொடுத்திருக்கிறாய். தலைவரின் ஆட்களைத் தவிர ஊரில் மனு கொடுத்தது நீ ஒருத்திதான். நாளை மத்தியானத்துக்குள் வாபஸ் வாங்கிவிட்டால் தேர்தலே இல்லை; எப்போதும் போல எல்லோரும் போட்டியில்லாமல் வந்துவிடுவார்கள். நீ வாங்காவிட்டால் ஓட்டுப் பெட்டி வைக்க வேண்டும். நம் கருக்கம்வலசு ஊரில் ஓட்டுப் பெட்டியைப் பார்த்தே எத்தனையோ வருஷமாயிற்று. இப்போது இருக்கிற பசங்களுக்கு அது பச்சையா சிவப்பா என்றுகூடத் தெரியாது.

வாபஸ் வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல நான் யார்? ஆறாவதோடு நின்றவள். வாங்கினால் ஏன் நல்லது என்று மட்டும் சொல்கிறேன். நீ வெளியூர்ப் பெண். எங்கள் ஊர்க் கதை தெரியாது. தெரிந்திருந்தால் மனு கொடுத்திருக்க மாட்டாய்.

முன்னால் எல்லாம் சொசைட்டித் தேர்தல் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. தப்பட்டை என்ன, மைக்கு என்ன, ஒருத்தன் வீட்டுக் கோழியை இன்னொருத்தன் அடித்துத் தின்றுவிட்டு "எதிர்க்கட்சிக் கோழி" என்பது என்ன! அண்ணன் தம்பிக்குள் பேச்சு இருக்காது. என் வீட்டுக்காரர் நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது டீக்கடை டம்ளர். எறிந்தவன் யார் என்கிறாய், என் சொந்தச் சித்தப்பா மகன். ஓட்டு எண்ணின மறுநாளே இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். அது வேறு. ஆனால் அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குச் சத்தம் ஆகாது கண்ணு. சின்ன வயதிலிருந்தே ஆகாது.

அப்போதுதான் தலைவர் வந்தார். அன்றைக்கு அவர் தலைவர் இல்லை. வெறும் லோகு. லோகநாதன். எங்கள் புளியமரத்தில் ஏறிக் காய் உலுக்குவான். "எறங்குடா லோகு, எறங்கலீனா கால ஒடிச்சுப் போடுவேன்" என்று கல்லெடுத்து எறிந்திருக்கிறேன். இதை வெளியே சொல்லிவிடாதே.

அந்த லோகு லாரி வாங்கினான், தீவனக் கடை வைத்தான், எம்.எல்.ஏ.வோடு பழக்கம் பிடித்தான். ஒரு நாள் ஊரையே கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டான். கறிச்சோறு. வயிறாரச் சாப்பிட்ட பிறகு மைக்கைப் பிடித்தான். "எதுக்குங்க நமக்குள்ள நாமளே அடிச்சுக்கணும்? எல்லாரும் ஒரு ஆத்தா மக்க. பேசி ஆளுகள வெச்சுக்கலாம். ஓட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஆட்சேபனை இருக்கறவங்க மட்டும் எந்திரிச்சு நில்லுங்க" என்றான்.

யார் நிற்பார்கள்? சாப்பிட்ட கையோடு யார் நிற்பார்கள்?

அதோடு விட்டிருந்தால்கூட அடுத்த தடவை எவனாவது மாறியிருப்பான். ஒரு பெரியவர்தான் எழுந்து, "வாய்ப் பேச்சு வேண்டாம், பால் மேல சத்தியம் பண்ணுங்க" என்றார். எங்கள் ஊரில் அது பெரிய சத்தியம். மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டம்ளர் பால் கொண்டுபோய் மாரியம்மன் வாசலில் ஒரே கேனில் ஊற்றினோம். அதன் விளிம்பில் கை வைத்து, சொசைட்டிக்குப் போட்டியே போடுவதில்லை, மீறினால் எங்கள் மாட்டுக் கட்டுத்தரை காய்ந்து போகட்டும் என்று சொன்னோம். நானும் சொன்னேன். சொல்லும்போது உடம்பு சிலிர்த்தது. தேர்தல் நடத்த வந்த ஆபீசரும் கூட நின்று பார்த்தார். "இதைவிட நல்ல ஜனநாயகம் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். நல்ல மனிதர். தலைவர் வீட்டில்தான் சாப்பிட்டார்.

நீ அந்தச் சத்தியத்தில் இல்லை. அதுதான் வினை. ஊரில் உன்னைத் தவிர எல்லோரும் கை வைத்தவர்கள்.

அந்த ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். வருஷக்கணக்காக வராத தூக்கம்.

நல்லது செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாட்டு டாக்டரை வாரம் தவறாமல் வரவைத்தார். தண்ணீர்த் தொட்டி கட்டினார். பிரியாவுக்கு வேலை போட்டுக் கொடுத்தார். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், இன்றைக்கு அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஊரே அவள் வாயைப் பார்க்கிறது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. புதுக் கமிட்டி வந்ததும் ஆகிவிடும். தை மாதம் கல்யாணம் வேறு. மாப்பிள்ளை வீட்டார் வேலையைப் பார்த்துத்தான் பெண் எடுக்கிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சில மாற்றங்கள் வந்தன. தீவனம் அவர் மச்சானுடைய கடையிலிருந்துதான் வரும். செக்ரெட்டரி, அவருடைய கொழுந்தியா வீட்டுக்காரர். பால் குளிர வைக்கிற பெரிய டேங்க் அவருடைய தோட்டத்தில். ஏன் என்று கேட்டால், நம்பிக்கையான ஆள் வேண்டாமா? சொந்தக்காரனைவிட நம்பிக்கையான ஆள் உண்டா? அப்புறம் சாயங்காலப் பாலில் பாதி, பேர் எழுதாத ஒரு வெள்ளை வண்டியில் போக ஆரம்பித்தது. எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. ஊற்றின பால் எங்கே போனால் நமக்கென்ன?

பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அதற்கும் மண்டபம், அதற்கும் கறிச்சோறு. அவர் சம்சாரம் தலைவியானார். கோயில் கமிட்டிக்கு அவர் அப்பா. பள்ளிக்கூடக் கமிட்டிக்கு அவரே. டீக்கடையில் "இங்கே அரசியல் பேசாதீர்" என்று போர்டு மாட்டினார்கள். முன்னாலும் அந்த போர்டு உண்டு. அதன் அடியிலேயே உட்கார்ந்து அரசியல்தான் பேசுவார்கள். இப்போது உண்மையிலேயே பேசுவதில்லை. ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார். உன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிப்பது எனக்குக் கேட்கிறது. முன்னால் இப்படிக் கேட்குமா?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவன் என் தம்பி.

கிட்டுச்சாமி. நீ பார்த்திருப்பாய், நீ வந்த புதிதில் இங்கேதான் இருந்தான். வாய்த் துடுக்கு. போட்டியில்லாமல் ஜெயித்ததற்குத் தலைவருக்கு மாலை போட்டார்கள். இவன் டீக்கடையில் நின்று, "ஒத்த ஆளா ஓடி மொதப் பரிசு வாங்கிட்டாராம். இன்னும் கொஞ்சம் பெரிய மாலையாப் போடுங்கப்பா, மூச்சு வாங்குது அவருக்கு" என்று சொல்லியிருக்கிறான். நான் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். "உனக்கு எதுக்குடா வம்பு?" என்றேன். "வம்பு இல்லக்கா, சிரிப்பு வந்துச்சு" என்றான். சிரிப்பை அடக்கத் தெரியாதவனுக்கு இந்தக் காலத்தில் என்ன வாழ்வு?

சொசைட்டிக்கு இரண்டாவது தடவை மண்டபத்தில் கூட்டம். தலைவர் வழக்கம்போல, "ஆட்சேபனை இருக்கறவங்க எந்திரிச்சு நிக்கலாம்" என்றார். எல்லோரும் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவன் எழுந்து நின்றான்.

தனியாக நின்றான் கண்ணு. மண்டபத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே, "ஒக்காருங்கண்ணா, கால் வலிக்கும்" என்றார். "வலிச்சாப் பரவால்லீங்க. சாயங்காலம் அந்த வெள்ளை வண்டி எங்க போகுதுன்னு சொன்னீங்கன்னா ஒக்காந்துக்கறேன்" என்றான் இவன். "நல்ல கேள்வி" என்று தலைவர் செக்ரெட்டரியைப் பார்த்தார். "அண்ணன் கேட்டத எழுதிக்குங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தலைவர் கோபக்காரர் இல்லை.

மறுநாள் காலையில் கிட்டுச்சாமியின் பால் மெஷினில் தேறவில்லை. தண்ணீர் கலந்த பால் என்று காட்டியது. அன்று சாயங்காலமும். அடுத்த நாளும். வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது பால் தூக்குப் போசியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆமாம், பிரியாதான் மெஷினில் இருந்தாள். தாய்மாமன் என்பதற்காக மெஷினில் வருகிற நம்பரை மாற்றிச் சொல்ல முடியுமா? மெஷினுக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது. அது காட்டுவதை இவள் வாசிக்கிறாள். அவள் வேலை அது.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பால் மேல் பண்ணின சத்தியத்தை மீறினான், அம்மன் அவன் பாலைத் தண்ணீராக்கிவிட்டாள் என்றார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது. பயமாக இருந்தது. அவன் வீட்டுக் கன்றுக்குட்டியைத் தொடக்கூட யோசித்தேன்.

அவனுக்கு மட்டும் புத்தி வரவில்லை. "எங்க மாடு தண்ணி குடிக்கறதையே நிறுத்திப் போட்டுதுக்கா. ஏண்டி குடிக்க மாட்டீங்கறேன்னு கேட்டா, ஊர்ல பேரு கெட்டுப் போகுதுங்குது" என்றான். ஈரோட்டுக்குப் போய்ப் பெரிய ஆபீசில் சொல்லப்போகிறேன் என்று கிளம்பினான். அங்கே உட்கார்ந்திருந்தது யார்? நம் ஊருக்கு வந்து சாப்பிட்டுப்போன அதே ஆபீசர். பஸ்ஸில் இவன் திரும்பி வந்து இறங்குகிறான், ஸ்டாப்பில் இரண்டு பையன்கள் வண்டியோடு நிற்கிறார்கள். "சும்மாதானுங்க மாமா, வெயில்ல நடக்க வேண்டாமுன்னு கூட்டிட்டுப் போக வந்தோம்" என்றார்களாம். எவ்வளவு மரியாதை பார்! இவன் ஏறாமல் நடந்தே வந்தான். அந்தப் பையன்கள் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வீடு வரைக்கும் வந்தார்கள்.

இனிமேல்தான் என் வருத்தம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பால் கறந்துகொண்டிருக்கிறேன். கிட்டுச்சாமி கட்டுத்தரைக்கு வந்து போசியை நீட்டினான். "அக்கா, பாதிப் பால் இதுல ஊத்து" என்றான். பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று ஊற்றினேன். செவலை மாட்டுப் பால். அவன் போசியில் பாதி, என் போசியில் பாதி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சொசைட்டிக்குப் போனோம். எனக்கு முன்னால் அவன் ஊற்றினான். தண்ணீர் என்று வந்தது. பின்னால் நான் ஊற்றினேன். எப்போதும் போல நல்ல பால் என்று வந்தது.

அவன் திரும்பி நின்றான். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "ஒரே மாடு, ஒரே மடி, ஒரே நேரத்துல கறந்த பாலு. அக்கா, நீயே சொல்லு. நான் ஊத்துனது உன் மாட்டுப் பாலா இல்லையா?"

என்னை ஏன் கேட்க வேண்டும்? அத்தனை பேர் முன்னால், பெற்ற மகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, கூடப் பிறந்தவளை நடுவில் நிறுத்திக் கேட்கலாமா? என்னிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னானா, அக்கா இப்படிச் செய்யப்போகிறேன் என்று? பிரியாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். செக்ரெட்டரி எழுந்து நின்றார்.  "வழியில நீ என்ன கலந்தியோ, எனக்கென்னப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

 அவன் காலிப் போசியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனான். பிறகு சொசைட்டிக்கு வரவே இல்லை. சொசைட்டியில் ஒரு விதி இருக்கிறது. வருஷத்தில் இத்தனை நாள் பால் ஊற்றாதவன் மெம்பர் இல்லை, அவனுக்கு ஓட்டும் இல்லை. இவன் ஊற்றவில்லை, பேரை எடுத்துவிட்டார்கள். ஊற்ற விட்டால்தானே ஊற்றுவான் என்று அவன் பெண்டாட்டி வந்து வாசலில் நின்று அழுதாள். விதி என்றால் விதிதான் அம்மிணி, உனக்கு ஒன்று எனக்கு ஒன்றா இருக்கும் என்றேன். அவனுக்குப் பின்னால் முணுமுணுத்த இரண்டு மூன்று வீட்டுக்காரர்களின் பாலும் அதே மாதிரித் தேறாமல் போயிற்று, அவர்கள் பேரும் போயிற்று. சத்தியம் பொல்லாதது.

மாடுகளை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். நல்லாத்தான் இருக்கிறானாம்.

போன மாதம் போன் போட்டேன். பிரியாவுக்குத் தை மாதம் கல்யாணம், தாய்மாமன் சீர் நீதான் செய்ய வேண்டும், வந்துவிடு என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். என்ன சொன்னான் தெரியுமா? "தண்ணி கலந்த மாமன் எதுக்குக்கா? நல்ல மாமனா மெஷின்ல பாத்து எடுத்துக்குங்க" என்று வைத்துவிட்டான். தாய்மாமன் இல்லாமல் மணவறையில் என் மகள் எப்படி உட்காருவாள்? ஊர் என்ன கேட்கும்? ஒரு பால் விஷயத்துக்கு இத்தனை வன்மமா? நீ சொல்லு, தப்பு யார் மேல்?

 காபி நன்றாக இருந்தது. உன் மாட்டுப் பால்தானே? நல்ல கெட்டி.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் என் பாலும் தேறவில்லை.

ஆமாம், என் பால். செவலை அதே செவலைதான், புண்ணாக்கு அதே புண்ணாக்குதான். மெஷினில் தண்ணீர் என்று வந்தது. பிரியாதான் வாசித்தாள். "துளசிமணி, தண்ணி" என்றாள். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, பேரைச் சொன்னாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒரு எட்டுத் தள்ளி நின்றார்கள். நான் என்ன சத்தியத்தை மீறினேன் என்று ராப்பகலாக யோசித்தேன். கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். மெஷினில்தான் கோளாறு இருக்க வேண்டும் கண்ணு. வயதாகிவிட்டது அதற்கும்.

வீட்டில் பிரியாவைக் கேட்டேன். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல், "தலைவர் உன்னைப் பாக்கோணும்னாரும்மா. போய்ப் பாத்துட்டு வா, எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள். சோற்றைத் தின்னவில்லை. பிசைந்துகொண்டே இருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்.

போனேன். தலைவருக்கு எவ்வளவு வேலை! இருந்தும் எழுந்து நின்று, "வாங்கக்கா, ஒக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. "பரவால்லீங்க தலைவருங்களே" என்றேன். கிழக்கு வீதி கோகிலவாணி வீட்டுக்கு, உன் வீட்டுக்குத்தான், ஒரு நடை போய்விட்டு வரச் சொன்னார். சரியென்று தலையாட்டினேன். அன்று சாயங்காலமே மெஷின் சரியாகிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு மனு. ஒரு வார்த்தை. வாபஸ் என்று சொல்லிவிட்டால் உனக்கும் தொந்தரவு இல்லை, எனக்கும் தொந்தரவு இல்லை, என் மகள் கல்யாணமும் நடந்துவிடும். உனக்கு அந்த நாற்காலியில் என்ன வைத்திருக்கிறது? நீ இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கிறவள். உன் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து அந்த ஓடைப் பாதையில்தானே வருகிறார்? அங்கே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. நான் மிரட்டவில்லை கண்ணு. எனக்கு மிரட்டத் தெரியாது. எனக்குப் பயப்படத்தான் தெரியும். பயத்தில் சொல்கிறேன்.

என்ன? என்ன கேட்டாய்?

அதை ஏன் இப்போது கேட்கிறாய்? முடிந்துபோன கதை.

சரி, சொல்கிறேன். இந்த நாலு சுவருக்குள்ளே சொல்கிறேன். ஆமாம். செவலை மாட்டுப் பால்தான். நான் கறந்த பால், நான் ஊற்றிக் கொடுத்த பால். வழியெல்லாம் அவன் பக்கத்திலேயே நடந்து வந்தேன். ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை. போதுமா? ஆனால் வெளியே போய்த் துளசிமணி இப்படிச் சொன்னாள் என்று சொன்னாயானால், நீ சொல்வது பொய் என்பேன். கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

என் கையைப் பிடிக்காதே. நான் வர முடியாது. வரிசையில் நின்று சொல்வதாவது! உனக்கு என்ன, நீ வெளியூர். நீயும் உன் வீட்டுக்காரரும் எங்கேயும் போய்ப் பிழைத்துக்கொள்வீர்கள். என் மகள் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் பெற்றவள்.

அப்படியானால் வாபஸ் வாங்க மாட்டாய்.

சரி. உன் இஷ்டம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ போசியை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போ, கறக்கிற நேரமாயிற்று, கன்று கத்துகிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். இல்லை, உடனே போக முடியாது. அதுதான் சொல்கிறேனே, முடியாது. சீக்கிரம் வந்துவிட்டேன் என்பார்கள்.

அந்தப் பையன் எதற்கு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்? ஜன்னல் பக்கமாக? முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொள் கண்ணு. எதிர்வீட்டுக்காரியும் வாசலில் நிற்கிறாள். முனைக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

யார் என்றால், தலைவர்தான். நான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன்: "நான் சொன்னா அந்தப் பொண்ணு கேக்க மாட்டாளுங்க. பிடிவாதக்காரி. நான் எப்படீங்க வாபஸ் வாங்க வெக்கறது?" என்றேன். அவர் சிரித்தார். சின்னப் பையனாக மரத்தில் இருந்து சிரித்த அதே சிரிப்பு. "நீங்க எதுக்குங்கக்கா வாங்க வெக்கோணும்? வாபஸ், கையெழுத்து எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க பட்டப்பகல்ல, நாலு பேரு பாக்க, அந்த வீட்டுக்குள்ள போயி ஒரு காபி குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசீட்டு வாங்க. அது போதும்" என்றார்.

எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.